ஏழாம் எண் வரவில்லை

பொன்ராஜ் லேசில் பயப்படுகிற ஆள் இல்லை. பத்தொன்பது வயதில், மாமா இசக்கிமுத்துவின் பாத்திரக்கடையில் எவர்சில்வர் குடங்களுக்கு நடுவே உட்காரமாட்டேன் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னவன். தி.நகரில் அந்த மாமாவை எதிர்த்துப் பேசிய ஆள் அதற்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. கடைக்கு மேலே இருந்த அறையில் தங்கிக்கொண்டு, மாமா வீட்டுச் சோற்றையே தின்றுகொண்டு, ஆறு மாதம் ஆபரேட்டர் வகுப்புக்குப் போனான். பிறகு நந்தனத்தில், அண்ணா சாலையை ஒட்டி இருந்த ஒரு கம்ப்யூட்டர் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தான்.

"மெசினுக்கு வேலைக்காரனாப் போறியாடே?" என்று மாமா கேட்டார்.

"ஆமா மாமா" என்றான். அவ்வளவுதான் பேச்சு.

அப்பேர்ப்பட்டவன் 1978 தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பட்டப்பகல் பதினோரு மணிக்கு, ஒரு காகிதத்தைப் பார்த்து நடுங்கிப்போனான். காகிதத்தில் இருந்தது இரண்டே வரி. அந்த இரண்டு வரி ஏன் அவனை அப்படி ஆட்டி வைத்தது என்று சொல்ல வேண்டுமானால், ஷஃபியுல்லாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஷஃபியுல்லாவுக்கு மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டுப் பக்கம் வீடு. கீழே பேக்கரி, மேலே இவர் குடித்தனம். பொன்ராஜைவிட ஏழு வயது பெரியவர். நிலையத்தில் அவருக்கு எண் ஐந்து, பொன்ராஜுக்கு ஏழு. ஆபரேட்டர்கள் எல்லோருக்கும் இப்படி ஒரு எண் உண்டு. மெஷினை எழுப்புகிறவன் தன் எண்ணைத் தட்ட வேண்டும், அது உடனே அவன் பெயரை அச்சடித்துக் காட்டும். வேலைக்கு யார் வந்தார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

பழைய மெஷின் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் சொத்து. அந்தக் கம்பெனி நாட்டை விட்டே கிளம்பப்போகிறது, மெஷினையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஆனபோது, உள்நாட்டில் செய்த புது மெஷின் ஒன்று வந்து இறங்கியது. இறங்கியது சரி, அதற்கு ஒன்றும் தெரியாது. எந்த மெஷினிலும் முதலில் ஒரு புரோகிராம் கண் விழிக்க வேண்டும். அதுதான் மற்ற வேலைகளைக் கூப்பிடும், வரிசையில் நிறுத்தும், முடிந்ததை அனுப்பிவைக்கும். நிலையத்தில் அதற்கு 'சூப்பர்வைசர்' என்று பெயர். பழைய மெஷினின் சூப்பர்வைசரை அப்படியே எடுத்துப் புதியதில் வைக்க முடியாது. இரண்டுக்கும் மூளையின் கட்டுமானமே வேறு. அங்கே ஒரே கட்டளையில் நடக்கிற காரியத்துக்கு இங்கே நாலு எழுத வேண்டும்.

"வூடு மாத்றோம் நைனா, அவ்ளோதான். சாமான் அதேதான் கீது, வாசக்கால் அளவு வேற" என்பார் ஷஃபியுல்லா. "கட்டிலைக் கழட்டிக் கழட்டித்தான் உள்ள கொண்டாரணும்."

"எல்லாம் வந்து சேந்துருமா பாய்?"

"சாமானோட வூட்டுக்காரன் பழக்கமும் கூடவே வந்துரும் மச்சி. அதான் பேஜார்."

நூற்று நாற்பது தாள்களில், பென்சிலால், வரி வரியாக எழுதினார். எழுதும்போது பொன்ராஜைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார். நூற்றிருபது தாள் முடிந்திருந்தது. அப்போதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது, நவம்பர் பதினைந்து, கொட்டுகிற மழை.

அன்று காலை ஷிப்ட் பொன்ராஜுக்கு. ஷஃபியுல்லாவுக்கு வார விடுமுறை. ஆறரை மணிக்குக் கண் விழித்த பொன்ராஜ் மழையைப் பார்த்தான், போர்வையைப் பார்த்தான். வேறு ஒரு காரணமும் இல்லை. இதை எத்தனை தடவை திருப்பிப் பார்த்தாலும் வேறு காரணம் கிடைக்கவில்லை என்பதுதான் பின்னால் அவனைத் தின்றது. கீழே இறங்கி, மாமா கடை போனிலிருந்து கச்சேரி ரோட்டு பேக்கரிக்குப் போட்டான். அந்த நேரத்தில் ஷஃபியுல்லா ரொட்டி வாங்க அங்கே வந்து நிற்பார் என்பது அவனுக்குத் தெரியும்.

"பாய், ராத்திரியிலேருந்து காய்ச்சல். எந்திரிக்க முடியல."

"மாத்ர போட்டுக்கினு படு நைனா. நான் பாத்துக்கறேன்" என்றார் அவர்.

மாடிக்குக்கூட ஏறவில்லை. வாங்கிய ரொட்டியை பேக்கரிப் பலகையிலேயே வைத்துவிட்டு, இப்போது வந்துவிடுகிறேன் என்று சைக்கிளை எடுத்தவர், சேமியர்ஸ் ரோடு முடிந்து நந்தனம் சிக்னலில் திரும்பும்போது ஒரு லாரிக்கு அடியில் போனார். பொன்ராஜ் அப்போது நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.

மறுநாள் விடிந்ததும் மெஷின் ஹாலுக்கு முதல் ஆளாகப் போனது பொன்ராஜ்தான். சுவரில் டியூட்டி சார்ட் தொங்கியது. செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில், காலை ஷிப்டுக்கு நேரே 7. விடுமுறைக்கு நேரே 5. ரப்பரை எடுத்தான். ஏழு இருந்த இடத்தில் ஐந்தையும், ஐந்து இருந்த இடத்தில் ஏழையும் எழுதினான். பயத்தில் செய்த காரியம்தான், இருந்தாலும் அயோக்கியத்தனம் அயோக்கியத்தனம்தானே.

அதன் பலனை அவன் யோசிக்கவில்லை. பத்து நாள் கழித்து, ஷஃபியுல்லாவின் மைத்துனர் குலாம் ரசூல் நிலையத்துக்கு வந்தார். ஷஃபியுல்லாவின் மனைவி, இவருடைய அக்கா அமீனா பீ அனுப்பியிருந்தாள். அன்று தனக்கு விடுமுறை, அடையாறில் அவள் தங்கை வீட்டுக்கு அழைத்துப்போகிறேன் என்று முந்தின நாளே சொல்லியிருந்தாராம் ஷஃபியுல்லா. அவள் புர்கா போட்டுக்கொண்டு பகல் பன்னிரண்டு வரை காத்திருந்தாளாம். யாரோ போன் பண்ணினார்கள், உடனே கிளம்பிப் போனார் என்று பேக்கரிக்காரர் சொல்கிறார். இங்கிருந்து யாராவது பண்ணினீர்களா என்று கேட்டார்.

மேனேஜர் சார்ட்டைக் கழற்றிக் காட்டினார். "அன்னிக்கு அவருக்கு டியூட்டி சார். லீவு இல்ல. நாங்க யாரும் போன் பண்ணல."

குலாம் ரசூல் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணாடிச் சுவருக்கு இந்தப்பக்கம் இருந்து பொன்ராஜ் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். கதவைத் திறந்து நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கிப் போனார். அன்று மாலையே டீக்கடையில் பேச்சு கிளம்பிவிட்டது: வீட்டில் லீவு என்று சொன்னவன், போன் வந்ததும் எங்கே ஓடினான், போன் பண்ணினவள் யார் என்று. செத்தவர் வந்து பதில் சொல்ல மாட்டார் அல்லவா.

அமீனா பீ இத்தா இருந்தாள். புருஷன் இறந்த பிறகு நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருந்து, வெளி ஆண்கள் கண்ணில் படாமல் அவருக்காக அல்லாவிடம் துவா கேட்கிற காலம். இப்போது போய்ப் பார்க்க முடியாது, முடியட்டும் என்று பொன்ராஜ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இந்தச் சாக்கு கிடைத்ததில் அவனுக்கு உள்ளுக்குள் எவ்வளவு நிம்மதி என்பதை நினைத்தால் நமக்கே எரிச்சல் வருகிறது.

மீதி இருபது தாளை அவனே எழுதி முடித்தான். காகித டேப்பில் துளை போட்டுத் தரும் பிரிவுக்குத் தலைவி ஜெயபாரதி. தை முதல் வெள்ளிக்கிழமை அவள் டேப்பைச் சுருளாகக் கையில் கொடுத்தாள். எந்தப் புது டேப்பும் சந்தனம் வைக்காமல் மெஷினில் ஏறாது. அது அந்த ஹாலில் ஆயுத பூஜையிலிருந்து வந்த வழக்கம். முன்பெல்லாம் ஷஃபியுல்லாதான் சிரித்துக்கொண்டே டேப்பை நீட்டுவார். அன்று பொன்ராஜ் தனியாக நின்று, டேப்பின் முனையைப் பிரித்து ஓரத்தில் கட்டை விரலால் அழுத்தி வைத்துவிட்டு மறுபடி சுருட்டினான். மனசு சரியில்லாதவன் வைத்த சந்தனம், கொஞ்சம் தாராளமாகவே ஒட்டியது. சுருளைப் பிரித்து ஓடவிட்டு இரண்டு நகல் எடுத்தான். மூல டேப்பை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினான். நகலை ஏற்றினான்.

புது மெஷின் விழித்துக்கொண்டது. யார் என்று கேட்டது. அவன் 7 என்று தட்டினான்.

தட்டச்சு எந்திரம் தானாகக் கடகடவென்று அடித்தது:

பணியில்: 5, ஷஃபியுல்லா.
வரவில்லை: 7, பொன்ராஜ்.

அந்த ஹாலில் ஏர்கண்டிஷன் எந்நேரமும் ஓடும். சித்திரை வெயிலிலும் அங்கே வேலை செய்கிறவர்கள் ஸ்வெட்டர் போட்டிருப்பார்கள். பொன்ராஜுக்கு ஸ்வெட்டருக்குள் வியர்த்தது. தவறாகத் தட்டியிருப்போம் என்று மறுபடி எழுப்பி, ஏழைப் பார்த்துப் பார்த்து, ஒரே விரலால் தட்டினான். அதே இரண்டு வரி. இரண்டாவது நகலை ஏற்றினான். அதே இரண்டு வரி. கண்ணாடிக்கு வெளியே அண்ணா சாலையில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன, பகல் வெளிச்சத்தில் கண் கூசியது.

தாள்களைப் புரட்டினான். சோதனைக்காக ஷஃபியுல்லா இரண்டு பெயரைத்தான் எழுதியிருந்தார்: தன் பெயர், அவன் பெயர். எழுதிய எண்ணெல்லாம் சரி. எழுதும்போது சரியாக இருந்தது பிறகு மாறியிருக்கிறது என்றால், மாற்றியது யார்? சார்ட்டில் ஏழை அழித்து ஐந்து எழுதிய ரகசியம் உலகத்தில் ஒருவனுக்குத்தான் தெரியும் என்று நினைத்திருந்தான். மெஷினுக்கும் தெரிந்திருக்கிறது. சாமானோடு வீட்டுக்காரனும் வந்துவிட்டான் என்றுதான் அவனுக்குப் பட்டது.

காகிதத்தைக் கிழித்து மடித்து ஜேபியில் வைத்துக்கொண்டான். மேனேஜர் பார்த்தால் கேட்பார், கேட்டால் சார்ட் வரை போகும். அன்றிலிருந்து தினமும் அதே கதை. பதினோரு மணிக்குச் சோதனை, ஏழு தட்டினால் ஐந்து வருகிறது, காகிதத்தைக் கிழிக்கிறான், அறைக்குக் கொண்டுபோய்ப் படுக்கைக்கு அடியில் போடுகிறான். ஒரு நாள் திருநீறு பூசிக்கொண்டு போய்த் தட்டிப் பார்த்தான். இன்னொரு நாள், வேண்டுமென்றே 5 என்று தட்டினான். ஷஃபியுல்லா வந்தார். அவர் எப்படித் தட்டினாலும் வந்தார். வராதவன் பொன்ராஜ்தான்.

மாசி பிறந்ததும் ஒரு தீர்மானம் செய்தான். நகல் டேப்பில் ஷஃபியுல்லாவின் பெயர் இருந்த துண்டை மட்டும் வெட்டிவிட்டு, அதே நீளத்துக்கு வெற்றிடம் அடித்து ஒட்டினான். பத்து ஆங்கில எழுத்து, பத்து வெற்றிடம். ஏற்றினான். ஏழு தட்டினான். எந்திரம் 'பணியில்: 5' என்று அடித்து நின்றது. பிறகு டக், டக் என்று நகர்ந்தது. எழுத்து விழவில்லை, மை படவில்லை, ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நகர்வு. பொன்ராஜ் எண்ணினான். பத்து. யாரோ பெயரை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டது மாதிரி இருந்தது. பெயர் தெரிந்ததைவிட இது மோசம். அன்று பிற்பகலே பழைய நகலைத் திரும்ப ஏற்றிவிட்டான்.

சாப்பாடு இறங்கவில்லை. "மெசின் ஒன்னைத் திங்குதாடே?" என்று மாமா கேட்டார். கேலியாகத்தான் கேட்டார், அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனதும் மனுஷனுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

மார்ச் இருபத்தேழு, திங்கட்கிழமை, பெரிய அதிகாரிகள் முன்னால் புது மெஷினை ஓட்டிக் காட்ட வேண்டும். அதற்கு நாலு நாள் முன்னால் ஜெயபாரதி தாள்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து மெஷினுக்கு எதிரில் உட்கார்ந்தாள். "ஓட்டிக் காட்டுப்பா, ஒரு தடவை நானும் பாத்துடறேன்" என்றாள். அவனால் மறுக்க முடியவில்லை. தட்டினான். இரண்டு வரி வந்தது.

அவள் அலறவில்லை. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டாள்.

"ரெண்டு மாசமா, அக்கா."

"ரெண்டு மாசமாவா! ஏன்பா சொல்லல? ஒரு மணி நேர வேலை."

தாளை ஒரு கையிலும் நகல் டேப்பை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு துளை துளையாகப் பார்த்துக்கொண்டே போனாள். தட்டுகிற எண்ணைச் சலித்து எடுக்க ஒரு இடம் இருந்தது. அங்கே மூன்று துளை வேண்டும். மூன்றும் திறந்திருந்தால் ஏழு ஏழாகவே கீழே விழும். நடுத்துளை அடைபட்டால் ஏழிலிருந்து இரண்டு கழிந்து ஐந்தாக விழும். ஐந்துக்கு அந்த நடுத்துளையே தேவையில்லை, அது எப்படியும் விழுந்துவிடும்.

"ஷீட்ல மூணு இருக்கு. டேப்ல ரெண்டுதான். மூலத்தை எடு" என்றாள்.

அவன் அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தான். அவள் மூல டேப்பைப் பிரித்து ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்தாள். ஓரத்தில் அவன் வைத்த பொட்டு. அது காயும்முன் சுருட்டியதில் அடுத்த சுற்றிலும் ஒட்டியிருந்தது. ஒட்டிய இடத்தில், நடுத்துளைக்குள், கடுகளவு. நகத்தால் சுரண்டினாள். உதிர்ந்தது.

"சந்தனம்பா" என்று சிரித்தாள். "நகல் எடுக்கும்போது அடைஞ்ச துளை அடைஞ்சதாவே போயிருக்கு. நகல்ல பாத்தா ஒண்ணும் தெரியாது. இதுபோல தப்பைக் கண்டுபிடிக்கற செக் ஒண்ணு அவர் கடைசியா எழுதணும்னு வெச்சிருந்தார் பாவம், அதுக்குள்ள போயிட்டார். யார் வெச்ச சந்தனம் இது?"

"நான்தான்" என்றான் பொன்ராஜ்.

மூலத்தை ஏற்றினார்கள். ஏழு தட்டினான். 'பணியில்: 7, பொன்ராஜ். வரவில்லை: 5, ஷஃபியுல்லா.' ஜெயபாரதி திருப்தியாகத் தாள்களை அடுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நியாயமாகப் பார்த்தால் அவனுக்கு உயிர் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இரண்டு மாதமாக ஒரு ஆவி தன்னைத் துரத்துகிறது என்று நினைத்திருந்தான். ஆவி இருந்தால் அதற்குத் தெரிந்திருக்கும், அது யாரிடமாவது சொல்லிவிடும், நாம் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தான். இப்போது ஆவி இல்லை. மெஷின் தன் தவறைத் திருத்திக்கொண்டுவிட்டது. அந்த மனிதர் பெயர் பொய்யாக நிற்கிற இடம் ஒன்றே ஒன்றுதான் பாக்கி, அது அவன் கையெழுத்தில் இருந்தது. ஹாலில் ஒருவரும் இல்லை, ஏர்கண்டிஷன் மட்டும் இரைந்தது. இவ்வளவு நாள் பயந்த பயமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

இதற்குப் பிறகு பொன்ராஜ் அதே நிலையத்தில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தான். அதில் ஒரு நாள்கூடக் கடைசி நேரத்தில் லீவு சொன்னதில்லை, தன் ஷிப்டை யாருக்கும் கொடுத்ததில்லை என்பார்கள். புதிதாக வந்தவர்கள் அவனைக் கடமை தவறாதவன் என்று புகழ்ந்தார்கள். ஜெயபாரதி மட்டும் புகழ்ந்ததில்லை, ஏனென்றால் மார்ச் இருபத்தேழாம் தேதி எல்லாம் நல்லபடி முடிந்த பிறகு, அவன் மேனேஜரிடம் போய் சார்ட்டை மாற்றியது நான்தான் என்று சொன்னபோது அவளும் அந்த அறையில் இருந்தாள். ஆறு மாதம் சஸ்பெண்ட் செய்தார்கள். ஆனால் மேனேஜரிடம் சொல்வதற்கு முந்தின நாளே, ஞாயிற்றுக்கிழமை காலை, அவன் கச்சேரி ரோட்டுக்குப் போய்விட்டு வந்திருந்தான்.

இத்தா முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அமீனா பீ முன்னறையில் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் குலாம் ரசூல். அவள் இளைத்திருந்தாள், முகம் கல்லாக இருந்தது.

"உக்காருங்க தம்பி. அவரு உங்களப் பத்தி நெறையச் சொல்வாரு" என்றாள்.

அவன் உட்காரவில்லை. "பாபி, அன்னிக்கு டியூட்டி எனக்கு. பாய்க்கு லீவுதான். அவர் ஒங்ககிட்ட சொன்னது நெசம். போன் பண்ணது நான். காய்ச்சல்னு சொன்னேன், எனக்குப் பதிலா வந்தாரு. சார்ட்டை அழிச்சு எழுதினதும் நான்தான்."

குலாம் ரசூல் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. அவள் கையை உயர்த்தி அவரைத் தடுத்தாள்.

"இப்ப காய்ச்சல் சரியாப் போச்சா?" என்று கேட்டாள்.

கேலியாகக் கேட்கவில்லை. அவன் பொய் சொல்லியிருப்பான் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. அவன் அப்படியே விட்டிருக்கலாம்.

"காய்ச்சல் இல்ல பாபி. மழை. படுத்துத் தூங்கிட்டேன்."

கீழே பேக்கரியில் தட்டுகளை அடுக்குகிற சத்தம் கேட்டது. அமீனா பீ முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அப்ப போன்ல பொம்பளை யாருமில்ல."

"இல்ல பாபி."

"அவரு எங்கிட்ட பொய் சொல்லல."

"இல்ல."

"நாலு மாசம் பத்து நாளு தம்பி" என்றாள். குரல் உயரவில்லை. "அவருக்காக துவா கேக்கணும்னுதான் இத்தால உக்காத்தி வெக்கிறாங்க. நான் ஒரு நாள் கேக்கல. கைய ஏந்துவேன். ஏந்தினா, எங்க போய்க்கினு இருந்தே, யாருகிட்ட போய்க்கினு இருந்தேன்னுதான் வாயில வரும். எறக்கிடுவேன். எங்கம்மா பாத்துட்டு அழுவாங்க, நான் அழுவல. இத்தா ஒரு தபாதான் வரும் தம்பி. முடிஞ்சு போச்சு. அத இனிமே யாரு எனக்குத் தருவாங்க?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. எழுந்து உள்ளே போனாள், திரை விழுந்தது. தொழுகைப் பாய் விரிக்கிற ஓசை கேட்டது. பிறகு உள்ளேயிருந்து அவள் புருஷன் பெயரைச் சொல்லிக் கதறினாள்.

குலாம் ரசூல் சாய்ந்த நாற்காலியை நிமிர்த்தப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். ஷஃபியுல்லா செத்து நாலு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது, அந்த வீட்டில் அவள் அழுதது அன்றுதான் முதல் தடவை.